சைபீரியாவா, சீகிரியாவா? கொழும்பு மாடியில் வந்து குந்தும் வல்லூறு

கேள்வி இதுதான். கொம்பனித்தெருப் பக்கம் ஓர் உயர்ந்த கட்டடத்தின் 22ஆவது மாடியில் வேலை செய்பவர் கேட்டிருக்கிறார். டிசெம்பர் நடுவிலிருந்து ஜன்னலுக்கு வெளியே ஏசிப் பெட்டியின் மேல் "பருந்து மாதிரி, ஆனால் பருந்து இல்லாத" ஒரு பறவை வந்து குந்துகிறதாம். இரண்டு தடவை அங்கேயே புறாவைப் பிய்த்துத் தின்றிருக்கிறது. கைபேசியில் எடுத்த படத்தில் முதுகும் வாலும்தான் தெரிகின்றன. கூட வேலை செய்யும் நண்பர், இது சைபீரியாவிலிருந்து வரும் மிக அபூர்வமான பறவை என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். உண்மையா, எவ்வளவு அபூர்வம், யாரிடம் சொல்வது?

முதலில் சுருக்கமாக. நீங்கள் பார்ப்பது அநேகமாகப் பொரி வல்லூறு. உலகத்திலேயே வேகமான பறவை என்று சொல்வார்களே, அதுதான். சிறகை மடக்கிக்கொண்டு தலைகீழாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும். ஆனால் அது சைபீரியாவிலிருந்து வந்ததா என்பதை முதுகையும் வாலையும் வைத்துச் சொல்ல மாட்டேன். இதே இனத்தில் சீகிரியாக் குன்றில் குஞ்சு பொரிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். காதுக்கு இரண்டு ஊரின் பெயரும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரித்தான் இருக்கின்றன. நடுவில் கிடப்பது ஏழாயிரம் கிலோமீற்றர்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். தமிழில் வல்லூறு, ராஜாளி, பைரி, பருந்து என்று எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். தோட்டத்து மரத்திலிருந்து ஓணான் பிடிக்கும் சின்னச் சிக்ராவையும் வல்லூறு என்போம், நீங்கள் பார்த்ததையும் வல்லூறு என்போம். சிங்கள நண்பரிடம் கேட்டால் அவர் பெரும்பாலும் "உகுஸ்ஸா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஆகவே பெயரை விட்டுவிட்டு உருவத்தைப் பாருங்கள். சிக்ராவின் சிறகு குட்டையாக, நுனி வட்டமாக இருக்கும். நாலைந்து அடி அடித்துவிட்டு மிதக்கும். பொரி வல்லூறின் சிறகு நுனி கத்திபோல் கூர். நெஞ்சு அகலம், வால் குட்டை. தலைக்கு மேலே போகும்போது ஒரு நங்கூரத்தை யாரோ வீசியெறிந்த மாதிரி இருக்கும்.

பேரை வாவிக்கு மேல் வட்டமிடுவது செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு, கருடன் என்று கும்பிடுவோமே அது. காலி முகத்திடல் பக்கம் கடலோரமாக எப்போதாவது போகும் பெரிய சாம்பல் வெள்ளைப் பறவை கடற்கழுகு. இவை இரண்டும் ஏசிப் பெட்டியில் குந்திப் புறாவைப் பிய்ப்பது வழக்கமில்லை. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வளர்ந்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நாம் சின்ன வயதில் "பிராந்து, பிராந்து" என்று கத்திக் கோழிக்குஞ்சைக் கூடைக்குள் தள்ளிய அந்தக் கரும்பருந்து கொழும்பில் சாதாரணமாகக் கிடையாது. சென்னையில் குப்பைமேட்டுக்கு மேலே நூற்றுக்கணக்கில் சுற்றும் அதே பறவை இங்கே வட கரையோடும் வடமேற்குக் கரையோடும் நின்றுவிடுகிறது. கொழும்புக்கு மேலே ஒரு கரும்பருந்தைப் பார்த்தால் அதுவே குறித்து வைக்க வேண்டிய செய்தி. ஊரில் மலிவானது இங்கே அபூர்வம். "அபூர்வம்" என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று சேர்க்காவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பெரிதாக ஒன்றும் பொருளில்லை.

சரி, உங்கள் பறவைக்கு வருவோம்.

இலங்கையில் பொரி வல்லூறு இரண்டு கிளைகளாகத் தென்படும். ஒன்று இங்கேயே வாழ்வது, ஷாஹீன் என்று பெயர். மலைநாட்டுச் செங்குத்துப் பாறைகளிலும் வறண்ட வலயத்தின் தனிக்குன்றுகளிலும் முட்டையிடும். சீகிரியாவில் ஓவியம் பார்க்கப் படியேறுகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவர்தான் தலைக்கு மேலே சிறகடிக்கும் இதைக் கவனித்திருப்பார். மற்றது ஆர்க்டிக்கின் மரமில்லாத தூந்திரத்தில் முட்டையிட்டுவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்குவது. அதன் அறிவியற்பெயரில் மூன்றாவதாக வரும் சொல் "கலிடஸ்". இலத்தீனில் சூடு என்று அர்த்தம். பனிக்கட்டிக்குப் பக்கத்தில் பிறக்கும் பறவைக்கு இப்படியொரு பெயர்! 1790இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜோன் லேதம் இந்தியாவில் கிடைத்த பறவையை வைத்து எழுதியது அது.

உள்ளூர்க்காரரின் கதை இதைவிட வேடிக்கை. ஷாஹீனை 1837இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் சுவீடனைச் சேர்ந்த சுண்டெவால். அவர் கையில் இருந்த மாதிரி மலையில் பிடிபட்டதல்ல. இலங்கைக்கும் சுமாத்திராவுக்கும் நடுவே, நட்டநடுக் கடலில், ஒரு கப்பலில் வந்து இறங்கிய இளம் பறவை. வீட்டைவிட்டுப் போகாதது என்று நாம் எழுதிவைத்திருக்கும் கிளைக்கு, ஊர்சுற்றப் போன ஒரு குஞ்சை வைத்துத்தான் பெயரே வந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், "உள்ளூர்ப் பறவை கொழும்புக்கு எப்படி வரும், ஆகவே இது சைபீரியாதான்" என்ற வாதம் நிற்காது. பாறையிலிருந்து துரத்தப்பட்ட இளசுகள் எங்கும் போகும். உயரமான கட்டடம் அதன் கண்ணுக்கு இன்னொரு பாறை. சீகிரியாக் குன்றே சுற்றியுள்ள தரையிலிருந்து 200 மீற்றருக்குள்தான். தாமரைக் கோபுரம் 350 மீற்றர்.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? கன்னத்தைப் பாருங்கள். நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல குறிப்பு அதுதான், மற்றதெல்லாம் துணைக்குத்தான். வளர்ந்த ஷாஹீனுக்குத் தலை முழுக்கக் கறுப்பு, ஹெல்மெட் போட்ட மாதிரி. கன்னத்தில் வெள்ளை கொஞ்சம்தான் எட்டிப்பார்க்கும். வயிறு செங்காவி, பழுத்த பாக்கு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் பறவைக்குக் கண்ணுக்குக் கீழே இறங்கும் கறுப்பு மீசை ஒடுங்கி, ஒரு விரல் இழுப்புப்போல இருக்கும். அதற்குப் பின்னால் பெரிய வெள்ளைக் கன்னம். வயிறு வெள்ளை, அதில் மெல்லிய குறுக்குக் கோடுகள். முதுகு வெளிறிய சாம்பல். அளவுக்குக் காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கொழும்பில் அதற்கா பஞ்சம்? ஆண் ஷாஹீன் ஏறக்குறைய ஊர்க்காகத்தின் அளவு. ஆர்க்டிக் பெட்டை பக்கத்தில் நின்றால் காகம் சிறுத்துப்போகும். இந்த இனத்தில் பெட்டைதான் பெரிது என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளூர்ப் பெட்டையையும் வெளியூர் ஆணையும் அளவை மட்டும் வைத்துப் பிரிக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

குஞ்சுகளில்தான் சிக்கல். முதல் வருடப் பறவைக்கு முதுகு மண்ணிறம், வயிற்றில் குறுக்குக் கோடு இல்லாமல் நெடுக்குக் கீற்றுகள். இரண்டு கிளைக்கும் அப்படித்தான். நானே இதில் ஒருமுறை மூக்குடைபட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன ஒரு பின்னேரம், பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிக் காகங்கள் ஊரைக் கூட்டின. முப்பது நாற்பது இருக்கும். நடுவில் ஒன்று அசையாமல் குந்தியிருந்தது. ஒரு காகம் வாலைக் கொத்துமளவுக்குக் கிட்டப் போனது. அது கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தது, காகம் உடனே பத்தடி பின்வாங்கியது. துணியைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கமராவை எடுத்துவந்தேன். நெஞ்சில் நெடுக்குக் கீற்று, மண்ணிற முதுகு. சைபீரியாக் குஞ்சு என்று எழுதிப் பெருமையோடு ஒரு மூத்த பறவை ஆர்வலருக்கு அனுப்பினேன். அவர் இரண்டே வரியில் பதில் போட்டார்: "வயிற்றடியில் செங்காவி படிந்திருப்பதைப் பார்த்தீரா? அது எங்கள் வீட்டுப் பிள்ளை." துணி காகத்தின் எச்சத்தோடு கிடந்ததற்கு வீட்டில் கேட்ட பேச்சு தனி.

காகம் பற்றிச் சொன்னேனே, அதுதான் கொழும்பில் வல்லூறு தேடுகிறவர்களுக்கு இலவச அலாரம். காகம் கரைவது ஒருவிதம், கூடிக் கத்துவது இன்னொரு விதம். குயிலுக்குக் கத்துவதும் பூனைக்குக் கத்துவதும் மரத்தடியில் நடக்கும். வானத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டே கத்தினால் நீங்களும் நிமிர்ந்து பாருங்கள்.

இனி, ஆர்க்டிக் பறவை ஏன் இங்கே இவ்வளவு அரிது? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சைபீரியாவின் யமால் தீபகற்பம் வட அகலக்கோடு 70 பாகையளவில் இருக்கிறது. கொழும்பு 7 பாகைக்குக் கிட்ட. இடையில் 63 பாகை, பாகைக்கு 111 கிலோமீற்றர், ஆக நேர்கோட்டிலேயே ஏழாயிரம். இந்தத் தூரத்தைப் பறக்கும் வலு அதற்கு உண்டு. ஆனால் வருகிற வழி முழுக்கச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும்போது கடைசித் தெருவரை ஏன் வர வேண்டும்? மேற்காசியா, சிந்துச் சமவெளி, குஜராத், தமிழ்நாட்டுக் கரையின் பழவேற்காடு, கோடியக்கரை என்று வாத்தும் கரைப்பறவையும் குவிந்து கிடக்கும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. இதைத் தாண்டி வருவது சிலதான். அந்தச் சிலவும் மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரி, தெற்கே பூந்தல என்று நீர்ப்பறவை இருக்கும் இடத்தில் தங்கிவிடும். கொழும்புக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் பொருந்தும். யூரேசிய ஆர்க்டிக்கின் ஆறு இடங்களில் 56 பொரி வல்லூறுகளுக்குச் செய்மதிக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். ஐந்து தனித்தனிப் பாதைகள் தெரிந்தன. கிழக்கே பிறந்தவை நெடுந்தூரமும் மேற்கே பிறந்தவை குறைந்த தூரமும் பறந்தன. நெடுந்தூரம் பறப்பவற்றில் ஏடிசிஒய்8 என்ற மரபணு வேறுவிதமாக இருந்தது. நினைவாற்றலோடு தொடர்புள்ளது அது. ஒவ்வொரு பறவையும் தன் பாதையையே வருடாவருடம் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு இதில் கிடைக்கும் சேதி: உங்கள் ஏசிப் பெட்டிக்கு வந்தது உண்மையிலேயே ஆர்க்டிக் பறவையாக இருந்து, உயிரோடு போய்ச் சேர்ந்தால், அடுத்த ஒக்டோபரிலோ நவம்பரிலோ அதே கட்டடத்துக்குத் திரும்பி வரவும் கூடும். கோடைக்கு வேறு கண்டம், மாரிக்கு அதே மூலை. வாடகை இல்லாத வீடு.

கடலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கழுகு, பருந்து மாதிரிப் பெரிய சிறகுக்காரர் வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் ஏறி மிதந்து பயணம் போவார்கள். கடலுக்கு மேல் அந்தக் காற்று கிடைக்காது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான், ஆனாலும் அவற்றில் பல தயங்கி நின்றுவிடும். வல்லூறு அடித்துப் பறக்கிற சாதி, கடல் அதற்குத் தடையில்லை. சுண்டெவாலின் பறவை கப்பலில் இறங்கியதுபோல, கப்பலின் மேல் தங்கிக்கொண்டு கடற்பறவை பிடித்துத் தின்னும் பொரி வல்லூறுகளை மாலுமிகள் பலர் பார்த்திருக்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை நான் பார்க்காமல் கடந்து போவதில்லை.

அடித்துப் பறப்பதில் சூரர் வேறொருவர், அமூர் வல்லூறு. உங்கள் நண்பர் "சைபீரியா, அபூர்வம்" என்று சொன்னபோது இதைத்தான் எங்கோ வாசித்திருப்பார் என்று சந்தேகம். சைபீரியாவின் தென்கிழக்கிலும் வடகிழக்குச் சீனாவிலும் பிறந்து, ஆபிரிக்காவின் தெற்குக்குப் போய்வருவது. வழியில் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கத்தில் இலட்சக்கணக்கில் இறங்கும். 2012இல் அங்கே வலை கட்டிப் பல்லாயிரக்கணக்கில் கொன்று விற்றது வெளியே வந்து பெரிய கூச்சலானது. அடுத்த வருடமே அந்த ஊர்க்காரர்கள் வலையைச் சுருட்டிவிட்டுக் காவல் நின்றார்கள். இப்படி ஓர் ஊர் ஒரே வருடத்தில் மாறியது எனக்கு இன்றும் ஆச்சரியம். அங்கிருந்து புறப்படுபவை இந்தியத் தீபகற்பத்தைக் குறுக்காக வெட்டி, முதுகில் வடகிழக்குக் காற்றோடு அரபிக்கடலைத் தாண்டிவிடும். நாம் அந்தக் கோட்டுக்குத் தென்கிழக்கே ஒதுங்கிக் கிடக்கிறோம். காற்றில் தடம் மாறியவைதான் நவம்பர், டிசெம்பரில் இங்கே தலைகாட்டும், வந்தாலும் தங்காது.

கடல் தாண்டும்போது எதைத் தின்னும் என்று கேட்டால், தட்டான். "தட்டான் தாழப் பறந்தால் மழை" என்று நாம் சொல்லும் அந்தத் தட்டானில் ஓர் இனமும் அதே மாதங்களில் அதே காற்றில் அதே கடலைத் தாண்டி ஆபிரிக்காவுக்குப் போகிறது. பயணிகளும் பயணச் சாப்பாடும் ஒரே கப்பலில். அமூர் வல்லூறு புறாவளவுகூட இராது, கால் செம்மஞ்சளாக இருக்கும், புறாவை அடிக்காது. ஆகவே உங்கள் ஏசிப் பெட்டிக்காரர் அவரல்ல.

உங்கள் பறவை பொரி வல்லூறுதான் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: "இரண்டு சிறகும் ஒட்டினபடியே கிடந்தது, நடுவில் எலும்பு மட்டும்." வல்லூறின் கையெழுத்து அது. பூனை தின்றால் சிறகு மென்று கசங்கியிருக்கும். காகம் இழுத்தால் துண்டு துண்டாகும். வல்லூறு முதலில் நெஞ்சிறகைப் பிடுங்கிக் காற்றில் விடும், கீழ்மாடிக்காரர் தலையணை கிழிந்ததோ என்று நினைக்குமளவுக்கு. பிறகு நெஞ்சுத் தசையைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, தோளெலும்பும் நெஞ்செலும்பும் இரண்டு முழுச்சிறகையும் பிடித்தபடி இருக்க, அப்படியே போட்டுவிட்டுப் போகும். நெஞ்செலும்பின் விளிம்பைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். முக்கோணமாகக் கடித்த சின்ன வெட்டுகள் இருக்கும். வல்லூறின் மேலலகில் கொக்கிக்குச் சற்றுப் பின்னால் பல் மாதிரி ஒரு முனை உண்டு. இரையின் கழுத்தெலும்பை முறிக்க வைத்திருக்கும் கருவி.

நகரம் அதற்கு ஒத்துவருவதில் வியப்பில்லை. கொச்சிக்கடை, புறக்கோட்டைப் பக்கம் புறாவுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் டிடிரி என்ற பூச்சிமருந்தால் முட்டையின் ஓடு மெலிந்து இந்த இனம் ஏறக்குறைய அழிந்து, 1972இல் மருந்தைத் தடைசெய்த பிறகு மீண்டு வந்தபோது, பாலங்களையும் வானளாவிகளையும் தேடித்தான் நிறையக் குடியேறியது. நியூயோர்க்கில் இராத்திரி வெளிச்சத்தில் வலசைப் பறவைகளை வேட்டையாடுவதைக்கூடப் பதிவு செய்திருக்கிறார்கள். கொழும்பிலும் ஒக்டோபரில் ஆறுமணிக் குருவி இரவோடிரவாக வந்து கண்ணாடியில் மோதி வீட்டு வாசலில் கிடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வெளிச்சத்தில் மேலே இன்னொருவரும் விழித்திருக்கலாம்.

யாரிடம் சொல்வது என்றால், 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும், 1976 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் களப் பறவையியல் குழுவும் இருக்கின்றன. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் செயலியிலும் போடலாம். அரிய பறவை என்றால் அது தானாகக் கொடி காட்டும், உள்ளூர்ச் சரிபார்ப்பாளர் ஒருவர் விவரம் கேட்பார். கேட்டால் கோபப்பட வேண்டாம். "பார்த்தேன், நம்புங்கள்" என்பதைவிட, "இடது பக்கமாகக் குந்தியிருந்தது, மீசை என் சுண்டுவிரல் அகலம், கன்னம் வெள்ளை, காலை 6.40" என்று அந்த நேரத்திலேயே கிறுக்கிய ஒரு துண்டுக் கடதாசி பெறுமதியானது. திகதியும் முக்கியம். மே, ஜூனிலும் அது அங்கேயே இருந்தால் சைபீரியாக் கதை அத்தோடு முடிந்தது. தூந்திரத்துப் பறவை அந்நேரம் முட்டைமேல் இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதது கொஞ்சம். இறைச்சி வைக்காதீர்கள். படமெடுக்க ஜன்னலைத் திறக்காதீர்கள், கண்ணாடிக்குள்ளிருந்தே எடுங்கள். கட்டட நிர்வாகம் புறாத் தொல்லைக்கு நஞ்சு வைப்பதாக இருந்தால் அதைத் தடுக்கப் பாருங்கள், நஞ்சு தின்ற புறாவைத் தின்றால் இதுவும் போகும். பிடிப்பதும் வளர்ப்பதும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். காயம்பட்டு விழுந்தால் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனசீவராசிகள் திணைக்களத்தை அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அடுத்த முறை வந்தால் வாலை விட்டுவிட்டுக் கன்னத்தை எடுங்கள். காலையில் வெயில் கிழக்கிலிருந்து விழும்போது முகம் தெளியும். அப்புறம், மாடியைக் கூட்டுகிற அம்மாவிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: ஒட்டிய சிறகு கிடந்தால் குப்பையில் போடுவதற்கு முன் உங்களைக் கூப்பிடச் சொல்லி. உங்களுக்கு முன்னால் எத்தனை வருடமாக அவர் அதைக் கூட்டித் தள்ளியிருக்கிறார் என்றும் கேளுங்கள். எந்தெந்த மாதத்தில் என்று அவருக்கு நினைவிருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள்.